எங்களுக்குப் பிறகு மகனுக்குக் குடும்ப ஓய்வூதியம்: இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?

சிவப்புப்பெட்டி | 2 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். தபால்துறையில் 37 வருடம் வேலை பார்த்துவிட்டு 2019இல் ஓய்வு பெற்றேன். கடைசி அடிப்படைச் சம்பளம் 52,000. எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. மூத்தவள் மகள், கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். மகனுக்கு 34 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. 75 சதவீதம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். தானாகக் குளிப்பான், சாப்பிடுவான், தெருமுனைக் கடையில் போய்த் தயிர் வாங்கி வருவான். மீதிச் சில்லறை சரியா என்று பார்க்கத் தெரியாது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் போன மாதம் தவறிவிட்டார். அவர் மனைவி முன்பே போய்விட்டார். அவருக்கும் என் மகனைப் போலவே ஒரு பையன். காரியம் முடிந்து நான்கு நாள்கூட ஆகவில்லை, 'மாமா, சித்தப்பா பென்ஷன் இவனுக்கு வருமா, வராதா?' என்று அவர் அண்ணன் மகன் என்னிடம் வந்து கேட்டான். வரும் என்று தெரியும். எப்படி வரும் என்று எனக்கே தெரியவில்லை. அன்று ராத்திரி என் ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் மனைவி பெயர் மட்டும்தான் இருக்கிறது. இப்போதே அவன் பெயரைச் சேர்க்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பைல் | 2 ஆகஸ்ட்

சேர்க்க முடியும் அய்யா. இன்றைக்கே ஆரம்பியுங்கள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பென்ஷன் செக்ஷனில் 20 வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. சாதாரண விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். உங்களுக்கு 15,600. மேலே அகவிலை நிவாரணம். 2025 ஜனவரி நிலவரப்படி 55 சதவீதம் என்று எடுத்தால் மொத்தம் 24,180 ரூபாய். ஓய்வுக்குப் பிறகு இறந்தால் 7 வருடத்துக்கு, அல்லது இறந்தவர் இருந்திருந்தால் அவருக்கு 67 வயது நிறையும் நாள் வரை, எது முந்துகிறதோ அதுவரை 50 சதவீதம் கொடுப்பார்கள். உங்களுக்கு 66 ஆகிவிட்டதால் அது பேச்சுக்குத்தான்.

உங்களுக்குப் பிறகு மனைவிக்கு. அவருக்குப் பிறகு 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு. அந்த வரிசை முடிந்ததும், சொந்தமாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடுள்ள மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுக்க. 1972ஆம் வருட மத்திய அரசு ஓய்வூதிய விதிகளில் 54ஆம் விதி என்று நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம். 2021 டிசம்பரில் வந்த புதிய விதிகளில் அது 50ஆம் விதி. உங்கள் மகள் திருமணமானவர், 25ஐத் தாண்டியவர். ஆகவே மனைவிக்கு அடுத்து நேராக மகன்தான்.

இப்போது செய்ய வேண்டியது: நீங்கள் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு மனு. கூடவே மருத்துவக் குழுவின் சான்று, மகனின் பிறந்த தேதிக்கு ஆதாரம், உங்கள் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வின் நகல், யார் மூலமாகப் பணம் தர வேண்டும் என்ற பாதுகாவலர் நியமனம். அவர்கள் பரிசீலித்து, மகன் பெயரை முன்கூட்டியே பி.பி.ஓ.வில் ஏற்ற ஆணை தருவார்கள். நாளைக்கு நீங்கள் இருவரும் இல்லாத நிலையில், இறப்புச் சான்றோடும் பாதுகாவலரோடும் போனால் வேலை முடிந்துவிடும்.

பலர் நினைப்பதுபோல இது 'செத்த பிறகு பார்த்துக்கொள்ளும்' காரியம் இல்லை. செத்த பிறகு பார்ப்பவர்கள் படும் பாட்டை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன்.

தாமிரபரணி | 3 ஆகஸ்ட்

பழைய பைல் சார் மேசைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

அப்பா மத்திய அரசு ஊழியர், 2009இல் போனார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. அம்மா 2020இல் போனார். தம்பிக்கு மூளை முடக்குவாதம், பேச்சும் தெளிவில்லை. அவன் பெயர் எங்கேயும் இல்லை. அப்பா வேலையில் இருந்தபோது கொடுத்த குடும்ப விவரப் படிவத்தில் 'மகன்' என்று மட்டும் எழுதியிருந்தார். குறைபாடு என்று ஒரு வார்த்தை இல்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்து அப்பா. ஆபீஸில் நாலு பேருக்குத் தெரியக் கூடாது.

இரண்டரை வருடம் நடந்தேன். ஒரு இடத்தில், 'பெற்றோர் உயிரோடு இருந்தபோதே இந்தக் குறைபாடு இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்டார்கள். அவனைப் பார்த்தாலே தெரியும், 41 வருடக் குறைபாடு அது. ஆனால் காகிதம் வேண்டுமே. பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில், அவன் நாலு வயதில் பிசியோதெரபிக்குப் போன சீட்டு ஒன்று கிடைத்தது. மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து. அதுதான் காப்பாற்றியது.

வங்கியில் வேறு கூத்து. 'கோர்ட்டில் பாதுகாவலர் உத்தரவு வாங்கி வாருங்கள்' என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்.

பழைய பைல் | 3 ஆகஸ்ட்

அம்மா, அந்தக் கடைசி விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஓய்வூதியர் தன் வாழ்நாளில் பாதுகாவலர் என்று ஒருவரை நியமித்துக் கொடுத்திருந்தால், அவர் வழியாகவே பணம் தர வேண்டும். அவர் செய்யாமல் போயிருந்தால் மனைவி தன் காலத்தில் நியமிக்கலாம். இப்படி நியமனம் இருக்கும்போது நீதிமன்றச் சான்று கேட்கக் கூடாது என்று ஓய்வூதியத் துறை வங்கிகளுக்குத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டில் இருவருமே நியமிக்காமல் போனதால்தான் வங்கிக்குப் பிடி கிடைத்தது.

அப்படிப்பட்ட இடத்தில் கோர்ட்டுக்குப் பதில் இன்னொரு வழி உண்டு: 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அது தரும் பாதுகாவலர் சான்று குடும்ப ஓய்வூதியத்துக்குச் செல்லும்.

தாமிரபரணி | 3 ஆகஸ்ட்

ஆமாம் சார், கடைசியில் அதைத்தான் வாங்கினேன். இதைச் சொல்ல ஏன் ஒருவருக்கும் வாய் வரவில்லை என்று இன்றும் ஆத்திரம்.

ஒரு எச்சரிக்கை. பாதுகாவலர் ஆனால் சும்மா இல்லை. ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். மருந்துக் கடை ரசீதைக்கூட ஊசி நூலில் கோத்து வைத்திருக்கிறேன், பழைய மளிகைக் கடைக்காரர் மாதிரி.

சிவப்புப்பெட்டி | 4 ஆகஸ்ட்

இருவருக்கும் கோடி நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் மகனுக்கு நான் தகப்பன். நான் உயிரோடு இருக்கும்போது எனக்கு எதற்குப் பாதுகாவலர் சான்று? நான்தானே பாதுகாவலர்?

தாமிரபரணி | 4 ஆகஸ்ட்

18 வயது வரைதான் அண்ணா. அதற்குமேல் சட்டத்தின் கண்ணில் அவர் வளர்ந்த ஆள். பெற்ற அப்பா அம்மாவே ஆனாலும் மனுப் போட்டுத்தான் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆக முடியும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், படிவம் தருவார்கள்.

வைகைக்கரை அம்மா | 4 ஆகஸ்ட்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் கணவர் மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு 29 வயது. 21 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் ஆறு மாதம் நன்றாக இருப்பாள், பி.காம். முடித்தவள். இரண்டு இடத்தில் வேலைக்கும் போனாள், நிலைக்கவில்லை. இவளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இவளுக்கும் உண்டா? 'படித்த பெண்ணுக்கு எப்படிம்மா தருவார்கள்' என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

பழைய பைல் | 4 ஆகஸ்ட்

உண்டு அம்மா. 'மனநோய் அல்லது மனக்குறைபாடு' என்பது விதியிலேயே இருக்கிறது. படிப்பு ஒரு பொருட்டே அல்ல. பிழைப்புக்குச் சம்பாதிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

சான்று தரும் குழுவில் மருத்துவமனைத் தலைவரோ அவர் பிரதிநிதியோ தலைமை வகிப்பார், மேலும் இரண்டு பேர் இருப்பார்கள். அதில் ஒருவராவது அந்தத் துறை நிபுணராக இருக்க வேண்டும். உங்களுக்கு மனநல மருத்துவர். குறைபாடு நிரந்தரம் என்று எழுதினால் ஒரு முறை கொடுத்தால் போதும். தற்காலிகம் என்று எழுதினால் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுச் சான்று கொடுக்க வேண்டும். மனநோய்க்குத் தற்காலிகம் என்று எழுதிவிடுவது உண்டு. அப்படி வந்தால் மனம் உடைய வேண்டாம், தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். மேலே சொன்ன நான்கு வகையில் மனநோய் இல்லை. அதனால் அந்த உள்ளூர்க் குழு உங்களுக்கு உதவாது. உங்கள் கணவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே பாதுகாவலர் நியமனத்தைக் கொடுத்துவிடுவது மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அதிக அவசரம்.

சிவப்புப்பெட்டி | 5 ஆகஸ்ட்

வருமானம் பற்றியும் கேட்க வேண்டும். என் மகன் ஒரு பயிற்சி மையத்தில் மெழுகுவர்த்தி செய்கிறான், மாதம் 1,500 தருகிறார்கள். அதனால் சிக்கலா? அவன் பெயரில் வங்கியில் கொஞ்சம் வைப்புத் தொகையும் போட்டிருக்கிறேன்.

பழைய பைல் | 5 ஆகஸ்ட்

1,500 ஒன்றும் செய்யாது. முன்பெல்லாம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும்தான் வரம்பு; அதைத் தாண்டினால் போச்சு. 2021 பிப்ரவரியில் மாற்றினார்கள். இப்போது குறைபாடுள்ள பிள்ளையின் மற்ற வருமானம், அவருக்கு வரக்கூடிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தையும் அதன் அகவிலை நிவாரணத்தையும் விடக் குறைவாக இருந்தால் போதும். உங்கள் கணக்கில் அந்த 24,180தான் கோடு.

மெழுகுவர்த்தியை விடுங்கள், வைப்புத் தொகையைப் பாருங்கள். பாசத்தில் பிள்ளை பெயரிலேயே எல்லாவற்றையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வட்டியும் வாடகையும் வருமானம்தான். வீடு, கடை வாடகை, வட்டி எல்லாம் சேர்ந்து கோட்டைத் தாண்டினால் ஓய்வூதியம் நிற்கும். அவர் சம்பாதிக்கத் தொடங்கவில்லை என்று பாதுகாவலர் வருடாவருடம் எழுதித் தர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நவம்பர் வாழ்நாள் சான்று தனி.

கணக்கு வாத்தியார் | 5 ஆகஸ்ட்

எதற்கு இவ்வளவு தலைவலி? வீட்டை அண்ணன் மகன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டு, 'கடைசி வரை பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டேன். என் மகளுக்கு நடக்க முடியாது. காகிதத்தைவிட ரத்தம் பெரிது என்று நினைக்கிறவன் நான்.

பழைய பைல் | 5 ஆகஸ்ட்

வாத்தியாரே, ரத்தம் பெரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டை எழுதிக் கொடுத்தது ஒரே நாளில் முடிந்துபோன காரியம். ஓய்வூதியம் ஒவ்வொரு மாதமும் வருவது, பிள்ளை உயிரோடு இருக்கும்வரை மட்டும் வருவது. பார்த்துக்கொள்கிறவருக்கு இரண்டில் எது பொறுப்பை நினைவூட்டும் என்று நீங்களே யோசியுங்கள். நீங்கள் மாநில அரசுப் பள்ளியா?

கணக்கு வாத்தியார் | 6 ஆகஸ்ட்

ஆமாம். பழைய பென்ஷன்தான், 1991இல் சேர்ந்தவன். ராத்திரி படுத்துக்கொண்டு நீங்கள் சொன்னதையே யோசித்தேன். எங்களுக்கும் உண்டா?

பழைய பைல் | 6 ஆகஸ்ட்

உண்டு. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978, 49ஆம் விதி. கடைசியாக வேலை பார்த்த அலுவலகம் வழியாகத் தேனாம்பேட்டை மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும். மாநில உத்தரவுகளில் நான் கரைகண்டவன் இல்லை, ஓய்வூதியர் சங்கத்தில் ஒரு முறை பேசிவிடுங்கள். மகளுக்குத் திருமணம் ஏதாவது பேச்சு இருக்கிறதா? 'கல்யாணம் செய்தால் பென்ஷன் போய்விடும்' என்று பயந்து வரன் வந்தும் தள்ளிவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். மத்திய அரசில் அந்தப் பயம் தேவையில்லை. குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் திருமணத்துக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் தொடரும் என்று 2013 ஜனவரியிலேயே உத்தரவு வந்துவிட்டது.

மில் சங்கு | 6 ஆகஸ்ட்

நீங்கள் எல்லோரும் 24,000, 30,000 என்று பேசுகிறீர்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் மில் வேலை எனக்கு. எங்களுக்கு இருப்பது 1995ஆம் வருடத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், பி.எஃப். பென்ஷன். அதிலும் நிரந்தரமாக முழுக் குறைபாடுள்ள பிள்ளைக்கு வயது வரம்பு இல்லாமல் ஆயுள் முழுக்க உண்டு, எத்தனையாவது பிள்ளை என்றும் பார்ப்பதில்லை. நல்ல விதிதான். தொகையைக் கேளுங்கள்: தாய் இருக்கும்போது பிள்ளைக்கு விதவை ஓய்வூதியத்தில் 25 சதவீதம், இருவரும் போன பிறகு 75 சதவீதம். குறைந்தபட்சம் முறையே 250, 750 ரூபாய். என் பையனுக்கு டயப்பருக்கே மாதம் 2,000 ஆகிறது.

தாமிரபரணி | 6 ஆகஸ்ட்

அண்ணா, மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறீர்களா? 2023 ஜனவரியில் இருந்து 2,000 ஆக்கியிருக்கிறார்கள்.

மில் சங்கு | 6 ஆகஸ்ட்

வாங்குகிறோம் தங்கச்சி. அதுதான் டயப்பர்.

2008 பேட்ச் | 7 ஆகஸ்ட்

மத்திய அரசு, 2008இல் சேர்ந்தேன், தேசிய ஓய்வூதியத் திட்டம், அதாவது என்.பி.எஸ். மகளுக்கு 14 வயது, ஆட்டிசம். புதிய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு, அதாவது யு.பி.எஸ்.ஸுக்கு மாறுவதா என்று 2025 செப்டம்பர் 30க்குள் சொல்ல வேண்டும். 25 வருடச் சேவைக்கு 50 சதவீதம் உறுதி என்று ஆபீஸில் எல்லோரும் துள்ளுகிறார்கள். மேலே எழுதியிருப்பதைப் படித்த பிறகு வயிற்றைக் கலக்குகிறது. எங்களுக்குப் பிறகு மகளுக்கு?

பழைய பைல் | 7 ஆகஸ்ட்

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். யு.பி.எஸ்.ஸில் ஓய்வூதியர் இறந்தால் 60 சதவீதம் வாழ்க்கைத்துணைக்கு. அங்கேயே நிற்கிறது. அதற்குப் பிறகு குறைபாடுள்ள பிள்ளைக்கு என்று பழைய விதிபோல ஒரு வரி அதில் இல்லை. இந்த இழையில் நாங்கள் இத்தனை நாள் பேசியதெல்லாம் 2004 ஜனவரி 1க்கு முன் சேர்ந்தவர்களின் கதை. மாநிலத்தில் அந்தத் தேதி 2003 ஏப்ரல் 1.

ஒரு விலக்கு உண்டு. என்.பி.எஸ்.காரர் வேலையில் இருக்கும்போதே இறந்தாலோ, உடல்நலம் கெட்டு வேலையில் இருந்து விலகினாலோ, பழைய விதிப்படி குடும்ப ஓய்வூதியம் வேண்டும் என்று முன்கூட்டியே விருப்பம் தெரிவிக்கலாம். 2021 என்.பி.எஸ். விதிகளில் 10ஆவது விதி. அந்தப் படிவத்தைக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அதில் பழைய விதியின் வரிசை முழுக்க வரும், மகளும் வருவாள்.

2008 பேட்ச் | 7 ஆகஸ்ட்

கொடுத்ததாக நினைவு. நாளை போய்ச் சேவைப் புத்தகத்தைப் பார்க்கிறேன். ஆக, வேலையில் செத்தால் மகளுக்கு ஆயுள் முழுக்க, ஓய்வு பெற்றுச் செத்தால் ஒன்றுமில்லை. இதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது?

பழைய பைல் | 7 ஆகஸ்ட்

விதி எழுதினவர்கள் குறைபாடுள்ள பிள்ளையை நினைத்து எழுதவில்லை, அவ்வளவுதான். சங்கங்கள் இதைக் கேட்டுச் சண்டை போட வேண்டும். அதுவரை, மாறினாலும் மாறாவிட்டாலும், மகளுக்கென்று தனியாகச் சேமித்துத்தான் ஆக வேண்டும். வேறு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை.

நடுப்பிள்ளை | 9 ஆகஸ்ட்

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே எழுதுகிறவர்கள் அநேகமாகப் பெற்றோர். நான் கூடப் பிறந்தவன். என் அக்காவுக்கு அறிவுசார் குறைபாடு.

அப்பா எல்லாக் காகிதமும் பக்காவாகச் செய்து வைத்திருந்தார். பி.பி.ஓ.வில் அக்கா பெயர், மருத்துவச் சான்று, ரேக்ஸின் பையில் வரிசையாக. பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயர். அதை நான் எப்போது தெரிந்துகொண்டேன் தெரியுமா? அப்பாவின் பதின்மூன்றாம் நாள், பையைத் திறந்தபோது. நான் அப்போது மஸ்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவிக்கும் தெரியாது.

மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டேன். இன்று அக்கா என்னோடுதான் இருக்கிறாள், ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அப்பா ஒரு தரம் என்னை உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஆறு வருடம் முன்பே யோசித்து வந்திருப்பேன். மனைவியும் நானும் அந்த முதல் வருடம் போட்ட சண்டையில் பாதி குறைந்திருக்கும்.

சிவப்புப்பெட்டி அய்யா, நீங்கள் பாதுகாவலராக யார் பெயரை எழுதப் போகிறீர்கள்? அவரிடம் கேட்டுவிட்டீர்களா?

சிவப்புப்பெட்டி | 9 ஆகஸ்ட்

மகள் பெயரைத்தான். கேட்கவில்லை.

சிவப்புப்பெட்டி | 17 ஆகஸ்ட்

மகள் சுதந்திர தின விடுமுறைக்கு வந்திருந்தாள். நடுப்பிள்ளை தம்பி எழுதியதைப் படித்த பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினோம். நான் பி.பி.ஓ., 30 சதவீதம், மருத்துவக் குழு என்றெல்லாம் விளக்கினேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: 'அப்பா, பணம் என் கையில் வரும். அவன் எங்கே இருப்பான்?'

என்னிடம் பதில் இல்லை. பெங்களூரில் அவன் தயிர் வாங்கப் போக முடியாது. கடைக்காரருக்கு அவனைத் தெரியாது, அவனுக்குக் கன்னடம் தெரியாது. கையெழுத்துப் போடச் சம்மதித்தாள். 'ஆனால் நானே அங்கே வந்து உட்காருவேன் என்று எழுதித் தர முடியாது' என்றாள். மாப்பிள்ளை, எங்கள் தெருவிலேயே மேல்வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தக் குடும்பத்திடம் ஒரு ஏற்பாடு செய்யலாமா என்று யோசிக்கச் சொன்னார். யோசித்துக்கொண்டிருக்கிறோம். மனைவி அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அவளே மகனைக் கூட்டிக்கொண்டு போய் அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

வைகைக்கரை அம்மா | 17 ஆகஸ்ட்

எங்கள் வீட்டிலும் நேற்றுத்தான் என் தங்கையைக் கேட்டோம். 'இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க' என்றாள். கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2008 பேட்ச் | 20 ஆகஸ்ட்

சேவைப் புத்தகத்தில் விருப்பப் படிவம் இல்லை. ஆபீஸில் எவருக்கும் இல்லையாம். புதிதாகக் கொடுத்து, கையொப்பமிட்ட நகல் வாங்கிக்கொண்டேன். யு.பி.எஸ். பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

சிவப்புப்பெட்டி | 28 நவம்பர்

திருத்திய பி.பி.ஓ. இன்று பதிவுத் தபாலில் வந்தது. எத்தனையோ பேருக்குப் பட்டுவாடா ஆனதைப் பார்த்தவன், என் கை நடுங்கியது. மகன் பெயர் ஏறியிருக்கிறது, பாதுகாவலர் இடத்தில் மகள் பெயர். ஆனால் மகன் பெயரில் ஓரெழுத்து ஆதாரில் உள்ளதுபோல் இல்லை. திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பப் போகிறேன்.

பழைய பைல் | 28 நவம்பர்

அனுப்புங்கள். ஓரெழுத்துக்காகப் பிற்பாடு மகள் பெங்களூரில் இருந்து ரயிலேற வேண்டாம். அனுப்பும் முன் நகல் எடுத்தீர்களா?

சிவப்புப்பெட்டி | 28 நவம்பர்

மூன்று எடுத்தேன். ஒன்று மகளுக்கு, ஒன்று பீரோவில், ஒன்று மேல்வீட்டுக்கு வந்திருக்கும் குடும்பத்திடம்.